132 ரெஃபரன்ஸ், ஒரு டெர்மினல்: கோத்தகிரியில ஒரு தீசிஸ் லிஸ்ட்ட சரி பண்ணின பதிவு

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேல ஏறுற ரோட்டுல சின்னதா ஒரு டிடிபி கடை வெச்சிருக்கேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், காலேஜ் பசங்க ப்ராஜெக்ட், அப்புறம் வருஷத்துக்கு நாலஞ்சு தீசிஸ் வரும். நவம்பர் மொத வாரம், மழை நிக்காம ஊத்திக்கிட்டு இருந்த ஒரு நாள், கூடலூர்லருந்து ஒரு சிஸ்டர் வந்தாங்க. ஊட்டி வந்து பஸ் மாறி இங்க வர்றதுக்கே அவங்களுக்கு அரை நாள் போயிருச்சு. ஆஸ்பத்திரியில வேலை பாத்துக்கிட்டே எம்எஸ்சி நர்சிங் படிக்கிறாங்க, தீசிஸ் தலைப்பு பழங்குடி மக்கள்கிட்ட இருக்குற சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையுற பரம்பரை நோய்) பத்தி. எழுதினது எல்லாம் நல்லா இருக்கு, ஆனா கைடு ரெஃபரன்ஸ் லிஸ்ட்ட பாத்துட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. நாலு இடத்துல வருஷம் தப்பு, மூணு இடத்துல பக்க நம்பர் தப்பு, தீசிஸுக்குள்ள 57னு இருக்குறது லிஸ்ட்டுல போய்ப் பாத்தா வேற எதோ கட்டுரை.

"ஏனுங்ணா, நடுவுல ஒண்ணு சேத்தா கீழ இருக்குற நம்பர் பூரா மாறுதுங்ணா. மூணு தடவ உக்காந்து கையால மாத்திட்டேன், நாலாவது தடவ முடியல"ன்னு சொன்னாங்க. 132 ரெஃபரன்ஸ், மொத்தமும் வேர்டுல கையால அடிச்சது.

நான் கடையில பழைய லேப்டாப்ல உபுண்டு போட்டு வெச்சிருக்கேன், டெர்மினல்ல, அதாவது கமாண்ட் அடிச்சு ஓட்டுற திரையில, வேலை பாக்குறது எனக்குப் பழக்கம். பப்மெட்ட, அதாவது மருத்துவக் கட்டுரைங்களோட பெரிய பட்டியல, டெர்மினல்லருந்தே தேடலாம்னு முன்னாடியே தெரியும், இவ்வளவு பெரிய லிஸ்ட்டுக்கு இதுதான் மொத தடவ. அடுத்த ரெண்டு வாரம் என்ன பண்ணினேன், எங்க எங்க மாட்டுனேன்னு இங்க எழுதி வெக்கிறேன், இதே மாதிரி லிஸ்ட்டோட முழிச்சிக்கிட்டு இருக்குற யாருக்காவது ஆகும்.

முதல்ல என்டரெஸ் டைரக்ட். சுருக்கமா ஈ-டைரக்ட்னு சொல்லுவாங்க. அமெரிக்காவுல மேரிலாண்ட் பெத்தெஸ்டாவுல இருக்குற தேசிய மருத்துவ நூலகத்துக்குள்ள என்சிபிஐன்னு ஒரு பிரிவு, பப்மெட்ட நடத்துறது அவங்கதான், இந்த டூல்ஸயும் இலவசமா குடுக்குறாங்க. ஒரு வரி இன்ஸ்டால் கமாண்ட், ஹோம் ஃபோல்டர்ல எடைரக்ட்னு ஒரு ஃபோல்டர் வந்து உக்காந்துக்கும், பாத்ல (கமாண்ட் எங்க இருக்குன்னு சிஸ்டம் தேடுற இடம்) சேத்துட்டா வேலை முடிஞ்சுது. இதுல முக்கியமா மூணு கமாண்ட். ஈசர்ச் தேடும், ஈஃபெட்ச் பதிவ எடுத்துட்டு வரும், எக்ஸ்ட்ராக்ட் அந்தப் பதிவு வர்ற எக்ஸ்எம்எல்லருந்து (பேரு போட்ட பெட்டி பெட்டியா இருக்குற வடிவம்) நமக்கு வேணுங்கறத மட்டும் பிரிச்சு டேப் போட்ட வரிசையா குடுக்கும். மூணையும் பைப் போட்டு, ஒண்ணோட பதில் அடுத்ததுக்குள்ள போற மாதிரி, கோர்த்துடலாம். மழையில லைன் போயி ஃபோன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டுன நாள்ல இதோட அருமை தெரிஞ்சுது, வர்றது வெறும் எழுத்துதான், ப்ரவுசர்ல ஒரு பக்கம் தொறக்குறதுக்குள்ள இங்க நூறு பதிவு வந்து இறங்கிடுது.

என்சிபிஐ கணக்கு ஒண்ணு தொறந்து ஏபிஐ கீ (கேக்குறது யாருன்னு காட்டுற ஒரு சாவி எழுத்து) வாங்கி வெச்சுக்குங்க, காசு இல்ல. கீ இல்லாட்டி ஒரு செகண்டுக்கு 3 கேள்வி, கீ இருந்தா 10. பெரிய வேலைய அமெரிக்க கிழக்கு நேரத்துல ராத்திரி 9லருந்து காலைல 5 வரைக்கும், இல்லாட்டி சனி ஞாயிறுல ஓட்டச் சொல்லி அவங்களே கேக்குறாங்க. நம்ம ஊருக்கு அது கோடையில காலை 6:30லருந்து மதியம் 2:30, குளிர் காலத்துல ஒரு மணி நேரம் தள்ளி. கடை தொறந்து கூட்டம் வர்றதுக்கு முன்னாடி இருக்குற நேரம்தான் அது, எனக்கு ரொம்ப வசதியாப் போச்சு.

இப்ப அந்த 132. ஒவ்வொண்ணையும் பப்மெட்ல தேடி எடுத்து ஒட்டலாம்தான், ஆனா மறுபடியும் கைதான் வேலை செய்யுது, மறுபடியும் தப்பு வரும். நான் நினைச்சது இதுதான்: பப்மெட்ல இருக்குற ஒவ்வொரு கட்டுரைக்கும் பிஎம்ஐடின்னு ஒரு நம்பர் இருக்கு. அந்த நம்பர் மட்டும் சரியா கைல இருந்தா பேரு, வருஷம், வால்யூம், பக்கம் எல்லாத்தையும் மெஷினே எடுத்துட்டு வரட்டும், மனுஷன் அத அடிக்கவே வேண்டாம். அதனால மொத வேலை, 132 வரியையும் 132 பிஎம்ஐடியா மாத்துறது.

இதுக்குன்னே என்சிபிஐகிட்ட ஈசிட்மேட்ச்னு ஒண்ணு இருக்கு. ஜர்னல் பேரு, வருஷம், வால்யூம், மொதல் பக்கம், ஆத்தர் பேரு, இந்த அஞ்சையும் நடுவுல செங்குத்துக் கோடு போட்டு வரிசையா குடுக்கணும், ஆறாவதா நமக்குப் பிடிச்ச ஒரு அடையாளம் போட்டுக்கலாம். அந்த அடையாளத்த அப்படியே பதிலோட திருப்பித் தரும். இந்த ஆறாவது கட்டத்துலதான் தீசிஸ்ல இருக்குற பழைய நம்பர போட்டேன். அதாவது சிஸ்டரோட 57ன்னு அனுப்புனா, பதில்ல 57க்கு இந்த பிஎம்ஐடின்னு வரும். பின்னாடி தீசிஸுக்குள்ள இருக்குற நம்பர மாத்தும்போது இந்த ஒரு முடிவுதான் என்னக் காப்பாத்துச்சு, இத யாரும் விட்டுடாதீங்க.

வேர்டு லிஸ்ட்ட இந்த மாதிரி கட்டம் கட்டமா பிரிக்கிறது மட்டும் கைவேலை. கால்க்ல (எக்செல் மாதிரி) போட்டு கொஞ்சம் ஃபார்முலா, கொஞ்சம் கண்ணு, ஒன்றரை சாயங்காலம் ஆச்சு. அப்புறம் கர்ல்னு ஒரு கமாண்ட்ல என்சிபிஐக்கு அனுப்புனேன். 98க்கு நம்பர் வந்துச்சு, 34க்கு நாட் ஃபவுண்ட்.

அந்த 34ஐ ஒண்ணொண்ணா பாத்தப்பதான் கையால அடிக்கிறதுல என்னென்ன நடக்கும்னு புரிஞ்சுது. ஒரே ஜர்னல் நாலு விதமா இருக்கு, ஒரு இடத்துல முழுப் பேரு, ஒரு இடத்துல சுருக்கம், ஒரு இடத்துல டாக்டருங்க பேச்சுல சொல்ற நாலெழுத்து, இன்னொரு இடத்துல ஸ்பெல்லிங்கே வேற. 404ன்னு இருக்க வேண்டிய பக்கம் 440. ஆன்லைன்ல வந்தது ஒரு வருஷம், அச்சுல வந்தது அடுத்த வருஷம், அவங்க போட்டது முதலாவது, பதிவுல இருக்குறது ரெண்டாவது. இதவிட மோசம் ஒண்ணு, அஞ்சாறு ரெஃபரன்ஸ் மூலக் கட்டுரையப் பாத்து எழுதினது இல்ல, வேற ஒரு ரிவ்யூவோட கடைசிப் பக்கத்துலருந்து எடுத்தது, அந்த ரிவ்யூலயே தப்பா இருந்துருக்கு, அந்தத் தப்பு அப்படியே நம்ம மலைக்கு வந்து சேந்துருச்சு. சிஸ்டர்கிட்ட ஃபோன்ல சொன்னேன், "அந்த அஞ்சையும் நீங்க ஒரு தடவ தொறந்து படிச்சுருங்க சிஸ்டர், நம்பர நான் பாத்துக்கறேன், உள்ள என்ன சொல்லியிருக்குன்னு நீங்கதான் பாக்கணும்." படிச்சாங்க. அதுல ஒண்ணு அவங்க சொல்ல வந்த விஷயத்தையே சொல்லல, எடுத்துட்டாங்க, அதுக்குப் பதிலா வேற ஒண்ணு போட்டாங்க. எண்ணிக்கை அதே 132.

இந்த 34க்கு தலைப்ப வெச்சு ஈசர்ச்ல தேடலாம்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல 34 தலைப்பு, வொயில் லூப் போட்டு ஒவ்வொரு வரியா ஓட்டுனேன். ஒரே ஒரு பதில் வந்துச்சு, லூப் நின்னுருச்சு. எரர் எதுவும் இல்ல. ஃபைல்ல வரி முடிவு தப்பான்னு பாத்தேன், கோட்டேஷன் குறி பிரச்சனையான்னு பாத்தேன், மறுபடி ஓட்டுனேன், மறுபடியும் ஒண்ணே ஒண்ணு. கரண்ட் வேற போயிருச்சு, யூபிஎஸ் கத்திக்கிட்டு இருக்கு. விஷயம் என்னன்னா ஈசர்ச் தனக்கு உள்ள வர்ற எதையும் படிச்சுப் பாக்கும், பைப்புல முன்னாடி யாராவது எதாவது அனுப்புறாங்களான்னு. லூப்புக்குள்ள இருக்கும்போது மிச்சம் இருக்குற 33 தலைப்பையும் அது குடிச்சுருச்சு, லூப்புக்குப் படிக்க ஒண்ணும் மிச்சம் இல்ல. ஈசர்ச் வரியோட கடைசியில இன்புட்ட டெவ் நல்லுக்கு (படிக்க ஒண்ணுமே இல்லாத காலி இடம்) திருப்பி விட்டேன், 34ம் ஓடுச்சு. ரெண்டு மணி நேரம் இதுக்குப் போச்சு. லூப்ல ஈ-டைரக்ட் போட்டு ஒரே ஒரு பதில் வந்துச்சுன்னா வேற எங்கயும் தேடாதீங்க, இதுதான்.

அதுல 23 கிடைச்சுது. மிச்சம் 11 பப்மெட்லயே கிடையாது, மக்கள்தொகை கணக்கெடுப்பு, அமைச்சகத்தோட வழிகாட்டி, டபிள்யூஎச்ஓ அறிக்கை, ரெண்டு பாடப் புத்தகம், இந்த மாதிரி. அத தனியா வெச்சேன். மிச்ச 121 பிஎம்ஐடியையும் சார்ட் போட்டு யூனிக் பாத்தா 117தான். நாலு கட்டுரை ரெண்டு ரெண்டு நம்பர்ல உக்காந்துருக்கு, ஸ்பெல்லிங் வேற வேறயா இருந்ததால கண்ணுக்குத் தெரியல.

அடுத்து சரிபாக்குற டேபிள். 117 நம்பரையும் ஈஃபெட்ச்ல எக்ஸ்எம்எல்லா எடுத்து எக்ஸ்ட்ராக்ட்ல நம்பர், வருஷம், ஜர்னல், தலைப்புன்னு நாலு காலம் கேட்டேன். வந்தது குப்பை. ஒரு வரியில மூணு வருஷம், ஒரு வரியில ஏழெட்டு பிஎம்ஐடி. ஏன்னா ஒரு பதிவுக்குள்ள வருஷம்ங்கற பெட்டி பல இடத்துல இருக்கு, அச்சான தேதி, பதிவு முடிச்ச தேதி, திருத்தின தேதி. பிஎம்ஐடியும் அப்படித்தான், அந்தக் கட்டுரைக்கு யாராவது மறுப்பு எழுதியிருந்தா, திருத்தம் வந்துருந்தா அதோட நம்பரும் உள்ளயே இருக்கும். அதனால மேல் பெட்டி பேரயும் சேத்து, மெட்லைன்சைட்டேஷனுக்குள்ள இருக்குற பிஎம்ஐடி, பப்டேட்டுக்குள்ள இருக்குற வருஷம்னு கேக்கணும். அதுக்கப்புறமும் சில வரியில ஜர்னல் பேரு வருஷக் காலத்துல வந்து நிக்குது. பழைய சில பதிவுல வருஷம்னு தனிப் பெட்டியே கிடையாது, மெட்லைன்டேட்னு ஒரே பெட்டியில "ஜனவரி-பிப்ரவரி"ன்னு மாசத்தோட சேத்து இருக்கும், எக்ஸ்ட்ராக்ட் இல்லாதத விட்டுட்டு அடுத்தத முன்னாடி இழுத்துருது. டெஃப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, இல்லாத இடத்துல ஒரு கோடு போடுன்னு சொல்லலாம். அத போட்டதும் காலம் நேரா நின்னுச்சு.

அந்த டேபிள பிரிண்ட் எடுத்து, அடுத்த வாரம் சிஸ்டர் வந்தப்ப ரெண்டு பேரும் உக்காந்து 117 வரியையும் பழைய லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாத்தோம். மெஷின் தப்பான கட்டுரையக் குடுத்தது ரெண்டு இடத்துல, ஒரே ஆத்தர், ஒரே ஜர்னல், ஒரே வருஷம், தலைப்பும் கிட்டத்தட்ட ஒண்ணு. மனுஷக் கண்ணு இல்லாம இத விடக்கூடாது. அப்பவே அந்த 117ல எதையாவது ஜர்னல் திரும்ப வாங்கிக்கிச்சான்னும் பாத்துட்டேன், பப்மெட்ல அதுக்குன்னு ஒரு பப்ளிகேஷன் டைப் இருக்கு, நம்பர ஈபோஸ்ட்ங்கற கமாண்ட்ல ஏத்தி அந்த டைப்ப வெச்சு வடிகட்டுனா போதும். பூஜ்யம்னு வந்துச்சு, சிஸ்டர் முகத்துல மொத தடவயா ஒரு நிம்மதி.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற இடத்துக்கு வர்றேன். லிஸ்ட்ட சரி பண்ணியாச்சு, ஆனா லிஸ்ட்டுல இருக்க வேண்டியது எல்லாம் இருக்கா? சிஸ்டர் தேடுனது ப்ரவுசர்ல, சிக்கிள் செல், நீலகிரி, அவ்வளவுதான். "என்ன தேடுனீங்க, எப்ப தேடுனீங்கன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டேன், இல்லன்னாங்க. அதனால தேடலையே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வெப்போம்னு ஆரம்பிச்சோம், மூணு தொகுதியா, நோய், இடம், மக்கள்.

நோய்க்கு மெஷ் தலைப்பு ஒண்ணு, அதாவது நூலகத்துக்காரங்க கட்டுரையப் பாத்து குத்துற முத்திரை, அதோட தலைப்பு சுருக்கத்துல வர்ற வார்த்தையும். ரெண்டும் வேணும், ஏன்னா புதுசா வந்த பதிவுக்கு இன்னும் முத்திரை குத்தியிருக்க மாட்டாங்க. அனீமியாவுக்கு பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்ல ஒரு ஏ கூட வரும், அதையும் சேக்கணும்.

இடத்துலதான் வேடிக்கை. நீலகிரின்னு மட்டும் போட்டா, இந்த நோய் பத்தி இந்த மலையிலருந்து எழுதின ரொம்ப முக்கியமான கட்டுரையே வராது. 1952ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல லேமன், கட்புஷ்னு ரெண்டு பேரு எழுதினது, 404ம் பக்கம். நீலகிரி பழங்குடி மக்களோட ரத்தத்துல சிக்கிள் செல் இருக்குன்னு சொன்னது அதுதான், இந்தியாவுல இந்த நோயப் பத்தின ஆரம்பப் பதிவுன்னு எல்லாரும் காட்டுறது அதத்தான். ஆனா அதோட தலைப்புல இருக்குறது 'தென்னிந்தியா', நீலகிரி இல்ல. அந்தக் காலத்துப் பதிவுக்கு பப்மெட்ல சுருக்கமும் கிடையாது. 1946லருந்து 1965 வரைக்கும் அச்சுல வந்த இண்டெக்ஸ பின்னாடி ஏத்துனாங்க, ஓல்ட்மெட்லைன்னு பேரு, அதுல தலைப்பு, ஆத்தர், சில குறிச்சொல், அவ்வளவுதான். தலைப்புல ஊர் பேரு இல்லன்னா ஊர் பேர வெச்சுத் தேடுறவனுக்கு அது இல்லாத கட்டுரை. அதே 1952ல இந்தியன் மெடிக்கல் கெஜட்ல மேல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்ககிட்ட இந்த நோயப் பாத்து எழுதினது ஒண்ணு இருக்கு, தேயிலை மலையில இருக்குற எங்களுக்கு அதுவும் பக்கத்து வீட்டு விஷயம் மாதிரிதான்.

அதனால இடத் தொகுதியில நீலகிரி, கூடலூர், தமிழ்நாடு, மெட்ராஸ், தென்னிந்தியா ரெண்டு விதமா, வயநாடு மூணு ஸ்பெல்லிங்ல, அப்புறம் வெள்ளக்காரன் காலத்துல நீலகிரிய எழுதுன அந்தப் பழைய ஜிஎச் போட்ட ஸ்பெல்லிங், எல்லாம் போட்டோம். இந்தியன் மெடிக்கல் கெஜட்டோட பழைய இதழ் எல்லாம் ஸ்கேன் ஆகி பப்மெட் சென்ட்ரல்ல (முழுக் கட்டுரையே இருக்குற இடம்) இருக்கு, அங்க அந்த ஸ்பெல்லிங் தேவைப்படும்.

மக்கள் பேரு இன்னும் சிக்கல். தமிழ்நாட்டுல குறிப்பா நலிவடைந்த பழங்குடின்னு அரசு பட்டியல்ல இருக்குற ஆறு பேருமே இந்த மாவட்டத்துல இருக்காங்க, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பணியர்ங்கற பேரு ஆங்கிலத்துல எழுதுனவங்க கைக்குத் தக்கபடி பனியா, பனியான், பனியர்னு மாறும். இருளர் இருளா ஆயிடும். காட்டுநாயக்கர் ஒரே சொல்லாவும் ரெண்டு சொல்லாவும் வரும். நட்சத்திரக் குறி போட்டு வால வெட்டிவிட்டா பாதி பிரச்சனை தீரும், ஆனா நட்சத்திரம் போட்டா பப்மெட் தானா பண்ற இணைச்சொல் தேடல் நின்னுரும், அதனால எல்லாத்தையும் நாமளே எழுதணும். தோடாவும் கோட்டாவும் வேற தொல்லை. தோடான்னா ஸ்பானிஷ்ல ஒரு சாதாரண வார்த்தை, ஜப்பான்ல குடும்பப் பேரு. கோட்டான்னா ராஜஸ்தான்ல ஒரு ஊரு, மலேசியாவுல ஊர் பேருக்கு முன்னாடி வரும். நோய்த் தொகுதியோட சேத்து வெச்சதால அந்தக் குப்பை ஓரளவுக்கு அடங்குச்சு.

நோயும், கூட இடமோ மக்களோ, இப்படித்தான் மூணையும் கோர்த்தோம். ஓட்டுனதும் சிஸ்டர் லிஸ்ட்டுல இல்லாத கட்டுரை வந்துச்சு, அவங்க படிச்சுப் பாத்து ஒன்பது எடுத்துக்கிட்டாங்க. லேமன், கட்புஷ் அவங்க லிஸ்ட்டுல ஏற்கனவே இருந்துச்சு, ஆனா அந்த 404, 440 தப்பு இதுலதான். எந்த மலைய வெச்சு எழுதுறாங்களோ அந்த மலையோட மொதல் கட்டுரைக்கே பக்கம் தப்பா இருந்தது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, சரி பண்ணினதுல சந்தோஷம்.

அடுத்து வடிவம். காலேஜ் கேக்குறது வான்கூவர் ஸ்டைல், 1978ல கனடாவுல வான்கூவர்ல மருத்துவ ஜர்னல் எடிட்டர்ங்க கூடி ஆரம்பிச்சதால அந்தப் பேரு. தீசிஸ்ல வர்ற வரிசைக்கு நம்பர், ஆறு ஆத்தருக்கு மேல போனா ஆறோட நிறுத்தி மத்தும் பலர். நான் மொதல்ல பிப்டெக் ஃபைலா (ரெஃபரன்ஸ் சேத்து வெக்கிற ஒரு வடிவம்) மாத்தினேன், பிப்யூட்டில்ஸ்னு ஒரு பழைய டூல் இருக்கு, பப்மெட் எக்ஸ்எம்எல்ல வாங்கி பிப்டெக்கா குடுக்கும். பாண்டாக்ல (ஒரு வடிவ ஃபைல இன்னொரு வடிவமா மாத்துற டூல்) ஓட்டிப் பாத்தா தலைப்புல இந்தியாவோட பெரிய ஐ சின்ன ஐயா ஆயிருச்சு, நீலகிரியும் அப்படியே. பிப்டெக்ல ஆங்கிலத் தலைப்பு வந்தா பெரிய எழுத்தெல்லாம் வெறும் அலங்காரம்னு நினைச்சு பாண்டாக் சின்னதாக்கிடும், காப்பாத்தணும்னா ஒவ்வொரு பேருக்கும் சுருள் அடைப்பு போடணும். நிறுவனம் பேரு ஆத்தரா வந்தாலும் இதே கதி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட கடைசி வார்த்தைய குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டு மிச்சத்த இனிஷியலா சுருக்கிருச்சு.

நூறு தலைப்புல அடைப்பு போடுறதுக்குப் பதிலா பிப்டெக்கையே விட்டுட்டேன். நாம பிஎம்ஐடிய குடுத்தா என்சிபிஐயே சிஎஸ்எல் ஜேசான்ங்கற இன்னொரு ரெஃபரன்ஸ் வடிவத்துல சைட்டேஷன குடுக்குது. அதுல தலைப்பு எப்படி இருக்கோ அப்படியே பாண்டாக் விடும், ஆத்தர் நிறுவனம்னா லிட்டரல்னு ஒரு பெட்டி இருக்கு, பேரு முழுசா நிக்கும். அந்த 11 அறிக்கை, புத்தகத்தையும் இதே வடிவத்துல கையால எழுதி இன்னொரு ஃபைலா வெச்சேன், பாண்டாக் ரெண்டு ஃபைலயும் ஒரே நேரத்துல வாங்கிக்கும்.

ஓல்ட்மெட்லைன் பதிவுல இன்னொரு வேலை, ஆத்தர் பேரு பூரா பெரிய எழுத்துலதான் இருக்கும். லிஸ்ட்டுல லேமன் மட்டும் கத்திக்கிட்டு நிக்குற மாதிரி இருக்கு. ஜேக்யூல (ஜேசான் ஃபைல மாத்துற டூல்) ஒரு வரி எழுதி, முழுக்க பெரிய எழுத்தா இருக்குற குடும்பப் பேர மட்டும் மொதல் எழுத்து விட்டு மிச்சத்த சின்னதாக்குனேன். மேக்னு ஆரம்பிக்கிற பேருக்கு மட்டும் நடுவுல ஒரு பெரிய எழுத்து வரணும், அத கையால பாத்தேன். குன்னூர்ல சத்துக்குறைவு ஆராய்ச்சி பண்ணின மெக்காரிசன் பேரு இதுக்கு நல்ல உதாரணம்.

நம்ம ஆளுங்க பேரும் பாக்கணும். இனிஷியல் அப்பா பேரா இருக்குற ஊர் இது, ஜர்னல் ஃபார்ம்ல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும், சிலர் அதுல அப்பா பேரப் போட்டுருவாங்க, ஒரே ஆளு ரெண்டு கட்டுரையில ரெண்டு பேரா ஆயிடுவாரு. பதிவுல எப்படி இருக்கோ அப்படியே விட்டேன், தேடுறவங்களுக்கு அதுதான் கிடைக்கும்.

கடைசியா தீசிஸ். சிஸ்டர் வேர்டுலதான் எழுதுவாங்க, அத மாத்தச் சொல்லல. வேர்டு ஃபைல பாண்டாக்ல மார்க்டவுனா (வெறும் எழுத்தா இருக்குற ஃபைல்) மாத்தி, ஈசிட்மேட்ச் குடுத்த அந்த பழைய நம்பர், பிஎம்ஐடி ஜோடிய வெச்சு செட்ங்கற கமாண்டுக்கு (எழுத்தத் தேடி மாத்துறது) ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி, அடைப்புக்குள்ள இருந்த ஒவ்வொரு நம்பரயும் பிஎம்ஐடி டேக்கா (அட் குறியோட பிஎம்ஐடி) மாத்தினேன். இனிமே புதுசா சேக்கறப்ப அவங்க வேர்டுல டேக்க அடிச்சா போதும். வேர்டுலருந்து வர்றப்ப அடைப்புக்கும் அட் குறிக்கும் முன்னாடி பாண்டாக் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டுடுது, அத எடுத்தாத்தான் சைட்டேஷன்னு புரிஞ்சுக்கும், அதுக்கும் ஸ்க்ரிப்ட்ல ஒரு வரி. பாண்டாக்குக்கு சைட்ப்ராக் ஆப்ஷனும் (ரெஃபரன்ஸ் போடச் சொல்றது) வான்கூவர் ஸ்டைல சொல்ற சிஎஸ்எல் ஃபைலும் குடுத்து மறுபடி வேர்டா எடுத்தா நம்பரும் லிஸ்ட்டும் தானா வந்துருது. மார்ஜின், ஃபான்ட் எல்லாம் காலேஜ் சாம்பிள் ஃபைல ரெஃபரன்ஸ் டாக்கா குடுத்துட்டேன். டேபிள் மட்டும் சரியா வரல, கட்டம் சேத்து இணைச்ச டேபிள் எல்லாம் கலைஞ்சு போச்சு, அந்த எட்டு டேபிளையும் கடைசியில வேர்டுலருந்து எடுத்து ஒட்டினேன். இதுக்கு நல்ல வழி எனக்கு இன்னும் அமையல.

டிசம்பர்ல சிஸ்டர் வந்தாங்க, ரெண்டாவது அத்தியாயத்துல ஒரு பத்தி சேக்கணும், 2023 ஜூலை 1ல மத்தியப் பிரதேசம் ஷாதோல்ல ஆரம்பிச்ச தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் பத்தி, 2047க்குள்ள ஒழிக்கிறதுன்னு இலக்கு. நடுவுல ஒரு ரெஃபரன்ஸ். அவங்களையே டேக் அடிக்கச் சொல்லி, ஸ்க்ரிப்ட்ட ஓட்டினேன். டீ வந்து வெக்கிறதுக்குள்ள ஃபைல் வந்துருச்சு, 19க்குக் கீழ எல்லா நம்பரும் ஒண்ணு தள்ளி நிக்குது. ஒவ்வொரு பக்கமா புரட்டிப் பாத்தாங்க, "எல்லாமே மாறியிருக்குங்ணா"ன்னாங்க.

அவங்க பெண்டிரைவ்ல நான் போட்டுக் குடுத்தது நாலே ஃபைல், தேடல், பிஎம்ஐடி லிஸ்ட், அந்த 11, அப்புறம் ஸ்க்ரிப்ட். சமர்ப்பிக்கிறதுக்கு முந்தின வாரம் தேடல இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கணும்னு தேதி போட்டு வெச்சிருக்கோம். கிளம்பும்போது பில்லுக்குப் பின்னாடி ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல பணியர் பேர எப்படியெல்லாம் எழுதிப் பாத்திருக்காங்கன்னு யோசிச்சு யோசிச்சு எழுதுனாங்க. நாலு ஸ்பெல்லிங், அதுல ரெண்டு எங்க ஃபைல்ல இல்ல. மூணாவது தொகுதியில சேத்துட்டேன், நாளைக்குக் காலைல ஏழரைக்கு ஓட்டணும்.